ஒரு சைஸ் பெரிய சட்டை

மகன் நிலவன் ஆறு வயதில் இறந்துபோனதை வீட்டுக் கணக்கும் பார்த்து வேண்டியதையும் வாங்கிப் போடும் செயலியிடம் வசுமதி சொல்லவே இல்லை. அது ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் வயதைக் கூட்டி, ஒரு சைஸ் பெரிய சட்டையாக வரவழைத்தது. அதை அவள் ஆசிரமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். ஏழு வருடம் இப்படியே போனது.

இந்த வருடம், சந்தா கட்டுபடியாகவில்லை என்று அவள் கணவன் குமரவேல் வேறு செயலிக்கு மாறினான். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டது புதியது.

"ரெண்டு பேர்" என்றான்.

தீபாவளிக்குப் புடவையும் வேட்டியும் வந்தன. வசுமதி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"சட்டை எங்கங்க?"

அவன் காலிப் பெட்டியை வாங்கி மடிக்கத் தொடங்கினான்.

"சரி, நானே போய் வாங்கிட்டு வரேன். இப்ப நம்ம பையனுக்கு என்ன சைஸ் இருக்கும்?"

உயரத்தைக் காட்டக் கையைத் தூக்கினான் குமரவேல். அது அவன் இடுப்போடு நின்றுவிட்டது.