எழுதித் தர மாட்டேன்

"முடியாது மார்சி. நான் எழுதித் தர மாட்டேன்."

பக்கத்து வீட்டு லொரேன் இப்படிச் சொல்வாள் என்று மார்சி கனவிலும் நினைக்கவில்லை.

"என்னடி, விளையாடறியா? நாங்க நல்லவங்க, பிள்ளையை நல்லா வளர்ப்போம்னு நாலு வரி. அவ்வளவுதானே கேக்கறேன்?"

"நல்லவங்கதான். யாரு இல்லைன்னா? ஆனா நான் எழுத மாட்டேன். வேற யாரையாவது கேளு."

"ஏன்னாவது சொல்லு."

லொரேன் கோட்டை மாட்டிக்கொண்டு, குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பனியில் இறங்கிப் போய்விட்டாள்.

மார்சிக்கும் அவள் கணவன் கர்ட்டுக்கும் பிள்ளை இல்லை. டாக்டர்கள் கைவிரித்த பிறகு, கொலம்பியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். முதல் படியே நற்சான்றுதான். உறவுக்காரர்கள் தரக் கூடாது. நன்றாகப் பழகிய மூன்று பேர் தர வேண்டும். பிறகு தத்து நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அவர் சரி என்றால் பிள்ளை. இல்லையென்றால் இல்லை.

கர்ட் வேலை விட்டு வந்ததும் மார்சி கொட்டித் தீர்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான் கர்ட். அவனுக்கு எல்லாமே அப்பவே தெரியும். நடந்து முடிந்த பிறகுதான் சொல்வான். "நம்ம நிறத்துல இல்லாத பிள்ளை பக்கத்து வீட்ல ஓடி விளையாடறது அவளுக்குப் பிடிக்கல. அதான் சமாச்சாரம்."

"சே! லொரேனா?"

"பின்ன வேற என்ன? வருஷா வருஷம் நம்ம பனி தள்ளுற மெஷினை ஓசி வாங்கத் தெரியுது. நாலு வரி எழுத மட்டும் கை வலிக்குதாக்கும்!"

மார்சிக்கு அதை நம்பப் பிடிக்கவில்லை. வேறு காரணமும் கிடைக்கவில்லை. வாரக் கடைசிக்குள் நம்பிவிட்டாள்.

அதன் பிறகு லொரேன் ஜன்னல் வழியே கையசைத்தால் மார்சிக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். லொரேன் முன்பு கோழிக்கறி செய்து கொடுத்தனுப்பிய பாத்திரத்தைக் கழுவி, கதவைக்கூடத் தட்டாமல், அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். அமெரிக்காவிலேயே சாதுவென்று பேரெடுத்த இந்த மினசோட்டாக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சண்டை போடத் தெரியாது.

மூன்றாவது நற்சான்றை மார்சிக்கு வேலை கொடுத்திருக்கும் பல் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி ஹெய்டி ஒரு சனிக்கிழமை வந்தார். மருந்து அலமாரியைப் பார்த்தார். கர்ட்டின் மான் வேட்டைத் துப்பாக்கி பூட்டித்தான் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையில் கொஞ்ச நேரம் சிரித்த முகமாக நின்றார். மார்சிக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"கடைசியா ஒண்ணு. கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, பிள்ளையை யார் எடுத்து வளர்ப்பாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று இருவருக்கும் தெரியும். நற்சான்று தேடும் முன்பே கர்ட்டின் அண்ணனைக் கேட்டும் பார்த்தார்கள். "என் வீட்ல இருக்கிற மூணையே கட்டி மேய்க்க முடியல, நீ வேற!" என்று அவன் சிரித்துவிட்டான். மார்சி பக்கம் யாருமில்லை. வெளியாரிடம் இதை என்னவென்று கேட்பது?

"இன்னும்... யோசிக்கலைங்க," என்றான் கர்ட். "அந்தப் பேர் இல்லாம நடக்காதா?"

"நடக்காதுங்க. ஏற்கெனவே ஒரு தடவை எல்லாத்தையும் இழந்த பிள்ளை. இன்னொரு தடவை நடுத்தெருவுல நிக்கக் கூடாது பாருங்க."

மார்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இதிலா போய் நிற்க வேண்டும்?

ஹெய்டி பேனாவை மூடினார்.

"அப்ப நான் சொல்லிடலாம். நீங்க முழிச்சா மட்டும்தான் சொல்லணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. உங்க அண்ணன் மாட்டேன்னதை மார்சி வாயாலயே கேட்டு ஒருத்தங்க ஆபீசுக்கே வந்து, நான் வளர்க்கிறேன்னு பேர் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

"யாரு?"

"பக்கத்து வீட்டு லொரேன்."

மார்சி விழித்தாள். "அவ எங்களுக்கு நாலு வரி நற்சான்றுகூட எழுத மாட்டேன்னுட்டாளே!"

"எழுதியிருந்தா அவங்களை நாங்க ஏத்துக்க முடியாது. பிள்ளைக்குப் பொறுப்பேத்துக்கிறவங்க நற்சான்று தரக் கூடாது, அது எங்க விதி. நீங்க நற்சான்று கேக்கறதுக்கு முன்னாடியே ஆபீசுக்கு வந்து அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. திங்கட்கிழமையே உங்க ஃபைலை மேல அனுப்பிடறேன்."

இது மட்டும் கர்ட்டுக்கு அப்பவே தெரிந்திருக்கவில்லை.

மார்சி கோட்டுகூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பைத்தியக்காரி! இந்தக் குளிர்ல இப்படியா வருவே?"

"ஏன் லொரேன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன்னைப் போய் நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

லொரேன் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எப்படிடி சொல்றது? நல்லா இருக்கிற ரெண்டு பேர் மூஞ்சியைப் பார்த்து, 'நீங்க செத்துப்போனா நான் இருக்கேன்'னு?"