கூஜாவின் கழுத்தில் ஒரு சீட்டு

பழைய சாமான் கடை ஒன்றில் பித்தளைக் கூஜாவும் எவர்சில்வர் டிபன் கேரியரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஒருநாள் கடைக்காரர் கூஜாவுக்குப் பாலிஷ் போட்டு, கழுத்தில் ‘ஆன்ட்டிக்’ என்று ஒரு சீட்டுக் கட்டினார். கேரியருக்கு ‘செகண்ட் ஹேண்ட்’.

“ரெண்டும் பழசுன்னுதானேக்கா அர்த்தம்?” என்றது கேரியர்.

“போடி பைத்தியம்! உன்னுது பழசு, என்னுது கௌரவம்” என்ற கூஜா, வழக்கம்போல ரயில் கதையை ஆரம்பித்தது. தன் வயிற்றில் யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அந்தக் கோமு அம்மாளின் மடியில் உட்கார்ந்து தென்காசி வரைக்கும் போனது, மூடி திருகும் சத்தம் கேட்டதுமே எதிர் சீட்டுக் குழந்தைகளும் தண்ணீருக்குக் கை நீட்டியது, எல்லாவற்றையும் சொன்னது.

அப்போது ஒரு பெண் வந்தாள். கேரியரின் அடுக்குகளை மோந்து பார்த்தாள். தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டு தெறித்துக் கூஜாவின் மேல் விழ, அது முகத்தைச் சுளித்தது.

“நாளைக்கே இதுல புளியோதரை கட்டணும்” என்று கேரியரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

‘பாவம், மறுபடியும் வேலைக்குப் போகிறாளே’ என்று நினைத்துக்கொண்டது கூஜா.

சற்று நேரத்தில் காரில் வந்த ஒருவர் கூஜாவை வாங்கினார். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாராம்.

“தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க சார், பாலிஷ் போயிடும்” என்ற கடைக்காரர், கூஜாவின் மேலிருந்த அந்த ஒற்றைச் சொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

“அதையாவது விட்டு வையேன்” என்றது கூஜா.