பந்துக் காசு

"பந்து தோட்டத்துப் பந்து. புல்லு தோட்டத்துப் புல்லு. வெயிலு சாமி குடுத்தது. அப்பறம் எதுக்கு மாஸ்டர் கிழமைக்கு ஐந்நூறு ரூவா?"

கஜேந்திரன் போட்ட சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை. அப்பாமார் எல்லாரும் வேலியோரம் கூடியிருந்தார்கள்.

பளீல் மாஸ்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

நாவலப்பிட்டி டவுனில் சின்னதாகச் செருப்பு, சப்பாத்துக் கடை வைத்திருக்கிறவர் அவர். வாலிபத்தில் கண்டியில் பெரிய டீமுக்கெல்லாம் ஆடியவராம். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். ஆரம்பத்தில் சும்மாதான் பழக்கினார். திடீரென்று ஒருநாள் பீஸ் என்றார். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்காவது விட்டுக்கொடுத்தாரா? இல்லையே!

கஜேந்திரனும் இதே தோட்டத்தில் பிறந்தவன்தான். இப்போது கனடா. லீவில் வந்தவன், கூடப் படித்த சுரேஸின் வீட்டில் சாப்பிடும்போதுதான் இந்தப் பீஸ் கதையைக் கேட்டான். கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நானும் என் மகனுக்குக் காசு கட்டுனேன் மாஸ்டர். ஆயிரக்கணக்குல டொலர். ஆனா அங்க பாதி வருசம் பனி. கூரை போட்ட கிரவுண்டுக்கு வாடகை, விசில் ஊதுற ரெப்ரிக்குச் சம்பளம், கால ஒடைச்சிக்கிட்டா இன்சூரன்சு. எதுக்கு வாங்குறான்னு பில்லு குடுப்பான். இங்க என்ன இருக்கு? பந்தப் பாருங்க, வயித்துல தையல். கோல் போஸ்ட்டு மூங்கில்!"

"செலவு ஈக்குதானே மகன்..."

"என்ன செலவு? சொல்லுங்களேன்."

பளீல் மாஸ்டர் வேலியோரம் நின்ற ஆண்களை ஒருதரம் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

திருட்டு முழி என்று வேறு எதைச் சொல்வார்கள்?

"கடைக்கு முதல் போடுறாரு போல," என்றான் ஒருத்தன். சிரிப்பு.

சுரேஸ்தான் பலமாகச் சிரித்தான். ஓட்டோ ஓட்டுகிறவன். 'என் மகன் அஜந்தன் இலங்கை டீமுக்கு ஆடுவான், பாத்துக்கிட்டே இருங்க' என்று ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டு, கிழமை தவறாமல் நெஞ்சை நிமிர்த்திக் காசு கட்டி வந்தவன்.

கஜேந்திரன் மாஸ்டருக்குக் கிட்டே வந்தான். "இந்த வருசம் கட்ட ஏலாம என் மகன நிப்பாட்டிட்டேன் மாஸ்டர். இன்னும் அவன் என் மொகம் பாத்துப் பேச மாட்டேங்கிறான். காசு உள்ளவன் புள்ளைக்குத்தான் பந்துன்னு அங்கதான் வச்சிருக்கான். இங்கயுமா? லயத்துல ஒத்த அறையில கெடக்குற புள்ளைங்ககிட்டப் புடுங்குறது பாவம்."

"சரி மகன். இனி காசு வாணாம்," என்றார் பளீல் மாஸ்டர். அவ்வளவுதான்.

வேலியோரம் கைதட்டல். சுரேஸ் ஓடி வந்து கஜேந்திரன் தோளில் கை போட்டான். "நீ வராட்டி இன்னும் ஏமாந்துக்கிட்டுத்தான் இருந்திருப்போம்டா!" அன்றைக்குக் கட்ட வேண்டிய ஐந்நூறு அவன் பையிலேயே தங்கிவிட்டது.

மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார். பயிற்சியை முழுசாக முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். வழக்கமாக அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போகும் பிள்ளைகளை அன்று அப்பாமார் விடவில்லை. தனியாக நடந்து போனார்.

மறுநாள், டவுனுக்குப் போக நின்ற கஜேந்திரனைத் தேடிக்கொண்டு சுரேஸின் மனைவி சுதர்சினி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாளாக்கும் என்று அவன் முந்திக்கொண்டான்.

"அட, இதுக்கெல்லாமா தங்கச்சி ஓடி வருவாங்க!"

"அண்ணே, அந்த மனுசன் ஒரு சதம் எடுக்கல."

"யாரு?"

"பளீல் மாஸ்டர். வீட்டுக்குன்னு கேட்டா எங்க வீட்டுக்காரரு கையில இருந்து பத்து ரூவா வராதுண்ணே. எல்லாம் குதிர ரேஸுக்குப் போயிரும். மத்த வீடுகள்லயும் ஒண்ணு ரேஸு, இல்லாட்டி சாராயம். மகன் பந்துன்னா மட்டும் கேட்டவொடன குடுப்பாங்க. அதான் நாங்க பொம்பளைங்க சேந்து போயி, பீஸுன்னு கேளுங்க மாஸ்டர்னு அவருகிட்ட அழுதோம். ஞாயித்துக்கிழம கடைக்குப் போனா, வாங்குன காச அப்புடியே எங்க கையில குடுத்துருவாரு. அதுலதான் அரிசி வாங்குனோம்."

கஜேந்திரன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப... நேத்து ஏன் அவரு வாயத் தொறக்கல?"

"ஆம்பளைங்க எல்லாம் நின்னாங்களே! சொல்லியிருந்தா ராத்திரி எங்க முதுகு என்னாத்துக்கு ஆகும்? எங்களுக்காகத்தான் அந்த மனுசன் கள்ளன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போனாரு."

"நேத்துக் காசு?"

"நேத்தே ரேஸுக்குப் போயிருச்சு."

அவன் அவசரமாகப் பர்ஸை எடுத்தான்.

"வேணாண்ணே. இன்னக்கிக் குடுப்பீங்க. பிளேன் ஏறினதுக்கப்பறம்?" சுதர்சினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போறதுக்கு முந்தி கிரவுண்டுல எல்லாரு முன்னுக்கும் ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டுப் போங்க. காசு வாங்காம பழக்குறவனுக்குப் பந்தே தெரியாதுன்னு சொல்லுங்கண்ணே. நீங்க கனடாக்காரரு, நம்பித் திரும்பவும் பீஸு கட்டுவாங்க."