ஒருவருக்கான திட்டம்

அந்த வரியை அவன் படித்துவிடக் கூடாது.

அவள் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் மூன்று கட்டங்கள். வலைத்தளத்துக்கு மூன்று கட்டணத் திட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் பச்சை டிக் குறிகள்.

இலவசத் திட்டம் நிரம்பிவிட்டது. இனி ஒரு படம்கூட ஏறாது. காலையில் ஏற்றிய செம்பருத்தி மகரந்தத்தின் படம் பாதியில் நின்று சுழன்றுகொண்டே இருந்தது. ஆகவே கட்டணத் திட்டத்துக்கு மாறியாக வேண்டும். அதில் இருவருக்கும் ஒரே கருத்து.

எந்தத் திட்டம் என்பதுதான் தெரியவில்லை.

அவள் தாவரவியல் படித்தவள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஸ்லைடுகள் செய்கிறாள். வெங்காயத் தோல், குளத்துப் பாசி, பட்டாம்பூச்சிச் சிறகின் செதில். பள்ளிக்கூடங்களில் பேசி விற்பது குமணன் வேலை. கல்லூரியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். இருவரும் இன்னும் ‘நீங்க’தான்.

வலைத்தளத்தை மட்டும் சேர்ந்து செய்தார்கள்.

சேர்ந்து என்றால், ஒரே மடிக்கணினியில்.

இலவசத் திட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். தொடக்கத்தில் அவன் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டிலிருந்தே நுழைந்து பார்த்தான். அவன் நுழைந்ததும் அவளை வெளியே தள்ளிவிட்டது. பாசி பற்றி எழுதிக்கொண்டிருந்த குறிப்பு மொத்தமும் போயிற்று. அவள் மறுபடி நுழைந்தாள். அவன் வெளியே விழுந்தான்.

மறுநாள் மாலை நேரிலேயே வந்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் வருகிறான். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, உறையூரில் அவள் வீட்டுக்கு.

அண்ணியின் தையல் அறையில் மேசையின் ஒரு மூலை அவர்களுக்கு. அண்ணி தைப்பாள். அவன் படங்களை வரிசைப்படுத்துவான். அவள் குறிப்பு எழுதுவாள். ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் அவள் வாயால் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். அவன் எடுத்துவிடுவான். பேச்சு அதிகம் கிடையாது. கூரியர் பற்றி ஏதாவது. சில நாள் அதுவும் இல்லை.

அவளுக்கு அந்த மாலைகள் பிடித்திருந்தன.

நடுக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் அந்த வரி இருந்தது. ‘இருவர் ஒரே நேரத்தில் பணியாற்றலாம்.’

அதை எடுத்தால் அவரவர் வேலை அவரவர் வீட்டிலேயே நடக்கும். பஸ் மாறத் தேவையில்லை. இந்த மூலையும் தேவையில்லை.

முதல் கட்டத்தில் அதே இடத்தில், ‘ஒருவர் மட்டும்.’

முதல் கட்டமே போதும் என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னால் காரணம் கேட்பார்கள். வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை. நடுக் கட்டத்துக்குப் பண்டிகைத் தள்ளுபடி வேறு போட்டிருந்தார்கள். வித்தியாசம் ஒரு பெட்டி ஸ்லைடின் விலைகூட வராது.

அண்ணி குண்டூசியை உதட்டில் கடித்தபடி எட்டிப் பார்த்தாள். நடுவில் இருப்பதை எடுக்கச் சொன்னாள். புடவைக் கடையிலும் அவள் நடு அடுக்கைத்தான் பிரிக்கச் சொல்வாள்.

“பாவம் தம்பி. பஸ்ஸுல நசுங்கியே பாதி ஆளாயிட்டாரு. இத எடுத்தா வீட்லயே கால நீட்டிக்கிட்டு வேல பாக்கலாம்ல.”

அவன் சிரித்துவைத்தான்.

பிறகு நடுக் கட்டத்தை மேலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவன்.

சேமிப்பு இடம். சொந்த முகவரி. பணம் பெறும் வசதி. விரல் திரையில் இறங்கிக்கொண்டே வந்தது.

அவள் மேசை விளிம்பைப் பார்த்தாள்.

விரல் அந்த வரிக்கு வந்தது.

நின்றது.

அடுத்த வரிக்குப் போனது. இரவு பகல் எந்நேரமும் உதவி கிடைக்கும் என்று படித்தான். அதற்கும் அடுத்ததைப் படித்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டான்.

“மொத பிளானே போதும்னு தோணுதுங்க. மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு?”

மற்றதென்றால் எது என்று அண்ணி கேட்டாள். சும்மா ஒன்றிரண்டு வசதிகள், வீண் செலவு என்றான். நேற்று இதே குமணன்தான் ஸ்லைடுகளுக்கு வெல்வெட் வைத்த பெட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன்.

அவள் முதல் கட்டத்தை அழுத்தினாள். பணம் போயிற்று. செம்பருத்தி மகரந்தம் சட்டென்று முழுதாகத் திறந்தது. உருண்டையாய், உடம்பெல்லாம் முள்ளாய், மஞ்சளாய்.

அதன் மேல் ஒரு சிறு பெட்டி எழுந்துவந்தது.

‘வாழ்த்துகள். எங்கள் பண்டிகைப் பரிசாக, உங்களுடன் பணியாற்ற இன்னொருவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.’

கீழே இரண்டு பொத்தான்கள். சேர்க்கவும். வேண்டாம்.

இனி வீண் செலவு என்று சொல்ல முடியாது.

இதை அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை.

என்ன வந்திருக்கிறது என்று அண்ணி கேட்டாள். விளம்பரம் என்றாள் அவள். அவ்வளவு வேகமாகப் பொய் சொல்லத் தனக்கு வரும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

மவுஸ் அவள் கையில் இருந்தது. 



‘வேண்டாம்’ மீது அழுத்தினாள்.

பெட்டி மறையவில்லை. ‘இந்தச் சலுகை மறுபடி கிடைக்காது. வேண்டாம் என்பது உறுதியா?’

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

குமணன் மவுஸைத் தன் பக்கம் நகர்த்தினான்.

‘ஆம்’ என்பதை ஒருமுறை அழுத்தினால் போதும்.

இரண்டுமுறை அழுத்தினான்.