ரெத்தினம் சாரின் லேப்டாப்

லேப்டாப்பைத் தூக்கியதும் அதன் அடியிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி ஓடி, ரெத்தினத்தின் சாப்பாட்டுத் தூக்குக்குப் பின்னால் ஒளிந்தது. பரணிதரன் ஓரடி பின்வாங்கினான்.

"அது பழகின ஆளு தம்பி. ஒண்ணும் செய்யாது" என்றார் ரெத்தினம். நெல் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர் அவர்தான்.

கீபோர்டு முழுக்க உமியும் வெற்றிலைக் கறையும். திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விவசாயியின் பெயரை ஏற்றிப் பட்டியல் போடுவதற்குள் அரைநாள் போய்விடுகிறது.

வெளியே களத்தில் அப்பா பஞ்சநதத்தின் குறுவை நெல் ஒரு வாரமாகக் குவிந்து கிடந்தது. முந்தின நாள் மழையில் தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி, அடிநெல் முளைவிட ஆரம்பித்திருந்தது. கையை விட்டால் புளித்த நாற்றம். இன்னொரு மழை பெய்தால் அதை மாடுகூட முகராது.

தீபாவளி லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்த பரணிதரன், லீவு முழுவதையும் இந்த நாற்றத்தில்தான் கழித்திருந்தான்.

"ஏம்ப்பா, அந்த ஆளு கைல எதையாவது வச்சுத் தொலைச்சா வேலை நடக்கும்ல?"

பஞ்சநதம் பதறிப்போனார். "வாய மூடுடா. முன்ன இருந்தவன் மூட்டைக்கு இவ்வளவுன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பான். இவரு ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாரு. மெஷினு நோஞ்சான்னா மனுசன் என்ன பண்ணுவாரு?"

பரணிதரன் வானத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான்.

"சார், எல்லாம் இந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கால வர்ற தொல்லை. அதக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டா பறக்கும். நானே வாங்கி மாட்டித் தர்றேன்."

"வேணாம் தம்பி. ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கேன். எப்பவாவது வரும்."

"அதுக்குள்ள எங்க நெல்லப் பறிச்சு நடவே போட்டுரலாம் சார்."

ரெத்தினம் சிரித்தார். "சரி, உங்க பிரியம். வாங்கறதுன்னா கீழவாசல்ல ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கு, அங்க வாங்குங்க. மத்தவன்லாம் டூப்ளிகேட்டத் தலையில கட்டிருவான்." கடைக்கு வழியும் சொன்னார்.

தஞ்சாவூருக்கு பைக்கை விரட்டினான். கடைக்காரர் டிராயரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த எஸ்எஸ்டியின் முதுகு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"புதுசுல என்னங்க பிசுக்கு?"

"வெல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு தம்பி. தொடச்சா போயிரும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே துடைத்தான்.

லேப்டாப்பின் அடிப்பக்கம் துருவேறிக் கிடந்தது. ஸ்க்ரூக்கள் மட்டும் முரண்டு பிடிக்காமல் கழன்று வந்தன. உள்ளே கரப்பான் முட்டைகள், எலிப்புழுக்கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தள்ளினான்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதில் ஏற்றினான். புதியது குழிக்குள் லொடலொடவென்று ஆடியது. காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒன்று பையில் கிடந்தது. அதைப் பிரித்து, முதுகில் அழுத்தி ஒட்டி, ஆடாமல் பொருத்தினான்.

பட்டனை அமுக்கியதும் திரை விழித்துக்கொண்டது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். முளைத்ததை ஒதுக்கிவிட்டு, மிச்ச நெல் அத்தனையும் இருட்டுவதற்குள் எடை போட்டு லாரி ஏறியது. லாரி கிளம்பி, மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பஞ்சநதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரணிதரன் டீ வாங்கி வந்து நீட்டினான். ரெத்தினம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் பழக்கமில்ல தம்பி. அந்தப் பழைய டிஸ்க்க மட்டும் கொடுத்துட்டுப் போங்க. அரசாங்கச் சொத்து, நான் பதில் சொல்லணும்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவர். காலையில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சு பரணிதரனுக்கு நாக்கிலேயே கசந்தது. டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சார்ஜர் ஒயர் வாங்க அதே கடைக்குப் போனான்.

அவன் வயதுப் பையன் ஒருவன் அவனுக்கு முன்னால் நின்றிருந்தான். பேன்ட்டின் காலெல்லாம் சேறு, சட்டையில் நெல் சுணை. போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"தார்ப்பாய இழுத்துக் கட்டுப்பா. இதோ வாங்கிட்டு வந்துர்றேன். நாளைக்கு நம்ம நெல்ல ஏத்திரலாம்."

கடைக்காரர் குனிந்தபடி, கையிலிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுருண்டு கீழே விழுந்தது ஒரு பிளாஸ்டர்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ரெத்தினம் சார் லேப்டாப்புக்குத்தானே? இருங்க தம்பி, இப்பதான் திரும்பி வந்துச்சு."