வாரம் ஒரு வியாதி

"அடுத்தது யாரு?"ன்னு நர்ஸம்மா கேட்டு முடிக்கல. அதுக்குள்ள ரேடியோ அக்கா உள்ள வந்து, நாற்காலியில உட்கார்ந்து, திரையைப் பார்த்து முடியை வேற ஒதுக்கிக்கிட்டாங்க.

ரேடியோ அக்காங்கறது ஊர் வச்ச பேரு. ஆஃப் பண்ண சுவிட்ச் கிடையாது, அதான்.

நர்ஸம்மாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்த ஊருக்கு டாக்டர் கிடையாது. வாரத்துல ஒரு மத்தியானம், ஒரே ஒரு மணி நேரம், சுவத்துல மாட்டின திரையில வருவாரு. அந்த ஒரு மணி நேரத்துல பாதியை இந்த அம்மாவே தின்னுட்டா?

"போன வாரம் முட்டிவலி. அதுக்கு முந்தின வாரம் முதுகுல அரிப்பு. அதுக்கும் முன்னாடி காதுக்குள்ள வண்டு கத்துதுன்னீங்க. இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கு வேற, சிஸ்டர்."

"அதான் தெரியுமே!"

வெளிய பெஞ்சுல இருந்து லாரி டிரைவர் குரல் கொடுத்தாரு. "சிஸ்டர், ரேடியோவை ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்லுங்க!"

பெஞ்சே குலுங்கிச் சிரிச்சுது.

"சத்தம் போடாதீங்க!"ன்னு அதட்ட எழுந்த நர்ஸம்மா, கதவைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நொடி நின்னாங்க. வெயில் அப்படி. 'இன்னைக்கு டாக்டர்கிட்டயே சொல்லி இந்த அம்மாவுக்குச் சீட்டு கொடுக்கறதை நிறுத்திடணும்'னு மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டே திரும்பி வந்தாங்க.

திரையில டாக்டர் வந்துட்டாரு. "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"எழுந்து நின்னா உலகமே ஒரு சுத்து சுத்துது சார். ரெண்டு படி ஏறினா ஹா... ஹா..." அக்கா மூச்சு வாங்கிக் காட்டினதுல மேஜை மேல இருந்த காகிதமே பறந்துச்சு. "சாயந்தரமானா கை நடுங்குது. சாப்பாடா? கேக்காதீங்க. காலையில ஒரு டீ. மத்தியானம் ஒரு டீ. அந்த டீக்குத் துணையா இன்னொரு டீ."

டாக்டர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுட்டாரு.

"பாருங்க சிஸ்டர், டாக்டரே ஆடிப் போயிட்டாரு!"

"சிக்னல் போயிடுச்சு. சும்மா இருங்க."

திரை மறுபடி அசையறதுக்குள்ள நர்ஸம்மா அக்கா கையில பிபி பட்டையைச் சுத்தி அமுக்கினாங்க. கண்ணை இழுத்துப் பார்த்தாங்க. நாடி பார்த்தாங்க. விரல்ல கிளிப் மாட்டினாங்க.

"சார், எல்லாம் நார்மல். என்னைவிட நல்லா இருக்காங்க!"

"அப்படியா?"

"இவங்க பண்றது பூரா நடிப்பு சார். வெளிய நிஜமா முடியாதவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இனிமே இவங்களுக்குச் சீட்டு கொடுக்கணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க."

அக்கா முகத்துல இருந்த சிரிப்பு இறங்கிடுச்சு. சீட்டு போயிடுமோன்னு பயம்.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "நடிப்புதான் சிஸ்டர். எனக்கு எப்பவோ தெரியும். அதான் மருந்து எழுதாம, 'அடுத்த வாரம் பார்க்கலாம்'னு அனுப்பிடுவேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இவங்க அரிப்புன்னு வந்துட்டுப் போனா, மறுவாரமே நிஜ அரிப்பு ஒண்ணு வருது. காதுன்னா, மறுவாரம் நிஜக் காது. போன வாரம் முட்டி. இன்னைக்கு வெளிய யாராவது முட்டியைத் தடவிக்கிட்டு இருப்பாங்க, பாருங்க."

பெஞ்சுல லாரி டிரைவர் சட்டுன்னு முட்டியில இருந்து கையை எடுத்தாரு.

நர்ஸம்மா அக்காவைப் பார்த்தாங்க. "என்னக்கா இது?"

"என்ன பண்றது சிஸ்டர்? இந்தப் பெட்டி முன்னாடி பேசினா, அப்படியே ஊர்ல இருக்கற டிவியில எல்லாம் வந்துடும்னு நம்ம ஆளுங்களுக்குப் பயம். தன் முதுகு அரிப்பை நியூஸ்ல பார்க்க யாருக்கு ஆசை? அதான் அவங்க வியாதியை மொதல்ல நான் எடுத்துக்கிட்டு வந்து உட்காருவேன். ராத்திரி டிவி முன்னாடி காவல் இருப்பாங்க. என் மூஞ்சி வரலைன்னு உறுதியானதும், மறுவாரம் தைரியமா அவங்களே வந்துடுவாங்க."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"வந்தாதான் வரட்டுமே! டிவியில வர்ற மூஞ்சிதானே இது?"

நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. இத்தனை வாரமா இந்த அம்மாவை என்னவெல்லாம் சொல்லிட்டோம்னு, அந்தச் சிரிப்போடயே கொஞ்சம் குறுகுறுப்பும் வந்துச்சு.

"அதெல்லாம் இருக்கட்டும்"னாரு டாக்டர். குரல் மாறியிருந்துச்சு. "தலைசுத்தல், மூச்சு வாங்கறது, கை நடுக்கம். இதை அடுத்த வாரம்னு தள்ளிப் போட முடியாது. அவங்க யாரோ, இன்னைக்கே வரச் சொல்லுங்க."

"வரவே மாட்டாங்க சார். ஊருக்கே வைத்தியம் பார்க்கறவங்களுக்குத் தன்னைப் பார்த்துக்க எங்க நேரம் இருக்கு?"

ரேடியோ அக்கா எழுந்து, தன் கையில இன்னும் சுத்தியிருந்த பிபி பட்டையைப் பிரிச்சாங்க. நர்ஸம்மாவைத் தோளைப் பிடிச்சு அதே நாற்காலியில உட்கார வச்சு, அவங்க கையில கட்டினாங்க.