ஆர்வன் என்றால் என்ன?

பிறப்புப் பதிவு ஆபீஸ் வரிசையில் அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். வீட்டில் மகனுக்கு வைத்த பெயரை இங்கே மாற்றிச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு நின்றிருந்தான்.

வீட்டில் வைத்த பெயர் ஆர்வன். வைத்தவள் மனைவி.

பெயரில் குற்றம் ஒன்றும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வம்பு.

பெயர் வைத்த மறுநாளே விசாரணையை ஆரம்பித்துவிட்டான். லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். கேட்டதற்குத் தலையாட்டுவான், மிஞ்சிப்போனால் ஒரு 'ம்'. அப்பேர்ப்பட்டவன் வலியப் போய் ஒவ்வொருவரிடமும் "ஆர்வன்?" என்று கேட்டதில், மழை வந்தாலும் வரும் என்று எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஆர்வம் உள்ளவன் ஆர்வன், நல்ல தமிழ் என்றார் மேல்மாடித் தமிழாசிரியர். வடமொழியில் குதிரைக்கு அப்படி ஒரு சொல் உண்டு என்றார் கணக்கர். அது வெள்ளைக்காரப் பெயர், நம் வாய்க்கு ஏற்ப வளைத்திருக்கிறார்கள் என்றான் ஸ்டோரில் இருப்பவன். சொந்தபந்தத்தில் அந்தப் பெயரில் ஒருத்தனும் இல்லை என்று மச்சான் அடித்துச் சொன்னான்.

போனில் தேடினான். பிரபலமான நூறு பெயர்களில் இல்லை. ஆயிரத்திலும் இல்லை. எழுத்தைச் சரிபார்க்கவும் என்று போன் அவனுக்கே புத்தி சொன்னது.

ஊரில் ஒருத்தனுக்கும் இல்லாத பெயர் இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

அவளிடமே கேட்டான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"எங்க கடைக்கு வந்த ஒருத்தர் பேரு. ஒரே ஒரு தடவதான். அப்புறம் அந்தப் பேர்ல அவர் வரவே இல்ல."

சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "வாய் நெறைய ஒரு தடவ இவனக் கூப்பிட்டுப் பாருங்க, புரியும்" என்று வேறு சொன்னாள்.

அவன் கூப்பிடவில்லை. 'டேய்', 'குட்டி' என்றே ஒப்பேற்றினான். எவனோ ஒருத்தன் பெயரைச் சொல்லித் தன் பிள்ளையைக் கொஞ்சுவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் லாண்டரியில் துணி வாங்கி வைக்கிற வேலையில் இருந்தவள். ஆயிரம் பேர் வந்துபோயிருப்பார்கள். அதில் ஒருத்தன் மட்டும் மனதில் நிற்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

அதனால்தான் பரிதி. அக்கா சொன்ன பெயர். சூரியன் என்று பட்டென்று அர்த்தம் சொல்லிவிடலாம். பதிவில் ஏறிவிட்டால் அப்புறம் அவள் என்ன செய்துவிட முடியும்?

அவன் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மா கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு நிமிராமலே கேட்டார்.

"பையன் பேரு?"

"ப்..." என்றான்.

உதடு ஒட்டிக்கொண்டது.

"ப்... ப்..."

நினைவு தெரிந்த நாளிலிருந்து கூடவே வருகிற திக்கல். ஊமைக்கோட்டான் வேஷம் எல்லாம் அதை மறைக்கத்தான். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். குமாஸ்தா அம்மா நிமிர்ந்து பார்த்தார். கழுத்து வியர்த்தது. எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்று இருந்தது.

"ஆர்வன்."

வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே வியர்வையோடு, இதே பெயரை, இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் நின்று அவன் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

லாண்டரி மேசை. கையில் பேனாவோடு ஒரு பெண். பெயர் கேட்கிறாள். சொந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். மேசைமேல் ஒரு பழைய விசிறி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்துச் சொல்லிவிட்டு ஓடியே வந்துவிட்டான். சட்டையை வாங்கிவர வேறொருவனை அனுப்பினான்.

மருந்துக் கடை, கூரியர் ஆபீஸ், சலூன் என்று போன இடமெல்லாம் வாயில் வந்த பெயரைச் சொல்லித் தப்பித்தவன் அவன். இதையும் அன்றைக்கே மறந்துபோனான். அவளோடு பழக்கமானது அதற்கு வெகுநாள் கழித்து, ஒரு நண்பன் வீட்டில், சொந்தப் பெயரில். லாண்டரியில் பார்த்ததைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை.

ஆர்வமும் இல்லை, குதிரையும் இல்லை. மேசை விசிறி.

இத்தனை நாளாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தானே, அந்தப் பெயரில் ஒரு தடவையாவது நாக்கு இடறியதா? அவன் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்து வைத்திருந்திருக்கிறாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிடும்போது இவன் திக்கி நிற்கக் கூடாது என்று தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது.

குமாஸ்தா அம்மா தட்டி முடித்தார்.

"நல்லா இருக்கே, நான் கேள்விப்பட்டதே இல்ல. யாரு வெச்ச பேரு?"

"நான்தான்" என்றான்.